கத்தியின் எல்லையும் ஊவாத் தோட்டப் பெண்ணும்

மார்பகத்தில் புற்றுநோய் கண்ட பெண்ணிடம் மருத்துவர் முதலிற் சொல்வது, சத்திரசிகிச்சை வேண்டும் என்பது. எவ்வளவு அகற்றுவது, அக்குளில் எதுவரை கைவைப்பது, மருந்தை முன்னே ஏற்றுவதா பின்னே ஏற்றுவதா என்பன அதற்கடுத்து எழும் வினாக்கள். இவற்றுக்கு எல்லோர்க்கும் பொருந்தும் விடை ஒன்றில்லை. நோயின் பரப்புக்கும் உடலின் தாங்குதிறனுக்கும் ஏற்ப விடை மாறும். அந்தப் பெண்ணின் தொழிலுக்கும் வீட்டுக்கும் விருப்பத்துக்கும் ஏற்பவும் மாறும். பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலை, அப்புத்தளை, ஹல்துமுல்லை எனப் பரந்து கிடக்கும் தோட்டங்களின் லயங்களிலிருந்து பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு வரும் பெண், இவை தன்னிடம் கேட்கப்பட வேண்டிய வினாக்கள் என்பதையே அறியாமல் தாளில் பெருவிரல் பதித்துச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் செல்லலாகாது. ஒருத்திக்கு அவ்வாறு நேர்ந்தாலும் அது ஊவா மாகாணத்துக்கு இழுக்கு.

இலங்கைப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றுநோயே முதலிடத்தில் நிற்கிறது. அதற்குரிய சத்திரசிகிச்சையையும் மருந்தையும் கட்டணமின்றி வழங்கும் அரசு வைத்தியசாலைகள் இந்நாட்டின் பெருமை. அங்கே இரவு பகலாகப் பணியாற்றும் மருத்துவர்களையும் தாதியரையும் நாம் மனமார மதிக்கிறோம். நாம் இங்கு வற்புறுத்துவது, சிகிச்சை இலவசமாகக் கிடைப்பது போலவே விளக்கமும் தெரிவும் கிடைக்கவேண்டும் என்பதையே.

தெரிவு என்ற ஒன்று இருப்பதே மருத்துவ வரலாற்றில் அண்மைக்காலத்து ஆக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த முறையில் மார்பகம் முழுவதும், அதன் அடியில் உள்ள மார்புத் தசைகளும், அக்குளின் நிணநீர்க் கணுக்களும் ஒருங்கே அகற்றப்பட்டன. எவ்வளவு கூடுதலாக வெட்டுகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்னும் நம்பிக்கை முக்கால் நூற்றாண்டுக்கு மேல் உலகை ஆண்டது. உயிர்பிழைத்த பெண்கள் பலர் குழிந்த மார்போடும் உயர்த்த இயலாத கையோடும் வாழ்ந்தனர். அந்த நம்பிக்கையை ஆய்வுக்கு உட்படுத்தத் துணிந்தோருள் குறிப்பிடத்தக்கோர் இருவர். இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரோனேசி 1973 முதல் 1980 வரை 701 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஹால்ஸ்டெட் முறையையும் மறுபிரிவினருக்கு மார்பகத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு அளிக்கும் முறையையும் மேற்கொண்டார். அமெரிக்காவில் பேர்னாட் ஃபிஷர் 1976இல் தொடங்கிய ஆய்வில் ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தனர். இருபது ஆண்டுக் கண்காணிப்பின் பின் இரண்டு ஆய்வுகளின் முடிவுகளும் 2002இல் வெளிவந்தன. முழு மார்பகத்தையும் இழந்தவர்களும் கட்டியை மட்டும் இழந்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் உயிர் வாழ்ந்திருந்தனர். சிறிய கட்டியுடைய பெண்ணுக்கு, மார்பகத்தைக் காப்பதால் ஆயுள் குறைவதில்லை என்பது அன்றே நிலைநாட்டப்பட்டது.

ஆனால் ஊவாவுக்கு வரும்போது இந்த முடிவோடு ஒட்டிய ஒரு நிபந்தனையை அழுத்திச் சொல்லவேண்டும். கட்டியை மட்டும் எடுக்கும் முறை பொதுவாகக் கதிர்வீச்சோடு சேர்ந்தே முழுமை பெறுகிறது. ஃபிஷரின் ஆய்வில், கதிர்வீச்சு பெற்ற பெண்களுள் இருபது ஆண்டுகளில் அதே மார்பகத்தில் நோய் திரும்பியோர் 14.3 வீதத்தினர், கதிர்வீச்சுப் பெறாதோருள் 39.2 வீதத்தினர். கட்டியை எடுத்துவிட்டுக் கதிர்வீச்சுக்குப் போகாமல் வீடு திரும்பும் பெண், காக்கப்பட்ட மார்பகத்திலேயே ஆபத்தைச் சுமந்து வாழ்கிறாள். ஆகவே கதிர்வீச்சை முடிக்க வழியே இல்லாத ஒருத்திக்கு முழு மார்பகத்தையும் அகற்றுவது சரியான மருத்துவமாக இருக்கக்கூடும். அவ்வாறு பரிந்துரைக்கும் மருத்துவரை நாம் குறைகூற மாட்டோம்.

வழி இல்லை என்று தீர்ப்பது யார் என்பதே எமது வினா. பதுளையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. எனினும் எல்லோருக்கும் உரிய எல்லாச் சிகிச்சையும் ஒரே இடத்தில் முடிந்துவிடுவதில்லை. கொழும்பை அடுத்த மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகவேண்டியவர்களும் உண்டு. பதுளையிலிருந்து கொழும்புக்குத் தரைவழியில் இருநூறு கிலோமீற்றருக்கு மேல். கதிர்வீச்சு என்றால் வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கவேண்டும், பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற அச்சத்தில், முழுதாக எடுத்துவிடுங்கள் டொக்டர் என்று ஒரு பெண் சொல்லிவிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. முன்னர் 25 தடவைகளாக ஐந்து வாரம் அளிக்கப்பட்ட கதிர்வீச்சை 15 தடவைகளாக மூன்று வாரத்தில் முடிக்கலாம் என்பதைப் பிரித்தானியாவில் நடந்த பெரிய ஆய்வுகள் மெய்ப்பித்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. தகுந்த நோயாளிகளுக்கு ஐந்தே தடவைகளில், ஒரு வாரத்தில், முடிக்கலாம் என்பதை அதே நாட்டின் இன்னொரு ஆய்வு 2020இல் காட்டியது. ஐந்து வாரத்துக்கும் ஒரு வாரத்துக்கும் உள்ள இடைவெளி, நாட்கூலிக் குடும்பத்தில் மார்பகத்தை இழப்பதற்கும் காப்பதற்கும் உள்ள இடைவெளியாக ஆகிவிடக்கூடும். எந்தக் கால அளவு தனக்குப் பொருந்தும், எங்கே கிடைக்கும், எங்கே தங்கலாம் என்பதைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே அவளுக்குச் சொல்லவேண்டும். பின்னர்ச் சொல்வதில் பயனில்லை.

மார்பகத்தைப் பற்றி இவ்வளவு பேசினோம். தோட்டப் பெண்ணின் வாழ்வில் அதனினும் கனமான வினா அக்குளில் இருக்கிறது. புற்றுநோய் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறதா என்று அறிய முன்பு அக்குளின் கணுக்கள் யாவற்றையும் துடைத்தெடுத்தனர். நிணநீர் வழிந்தோடப் பாதையின்றிக் கை வீங்குவதும், தோள் இறுகுவதும், மேற்கையின் உட்புறம் மரத்துப்போவதும் அதன் விளைவுகள். வீங்கிய கை ஒருபோதும் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பாமற் போகலாம். அலுவலக மேசையில் அமர்ந்து எழுதும் பெண்ணுக்கு இது துன்பம். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ இது பிழைப்பின் அழிவு. அவளது வேலை இரு கைகளையும் நாள் முழுதும் நீட்டி மடக்கிச் செய்யும் வேலை. செடி வாதுகள் கையைக் கீறும், அட்டை கடிக்கும், மழையில் நனைந்த தோல் ஊறி வெடிக்கும். வீங்கிய கையில் படும் சிறு கீறலும் கிருமித் தொற்றாக மாறிக் காய்ச்சலில் தள்ளக்கூடும். மாலையில் விறகுக்கான மிலாறுக் கட்டைச் சுமந்து மேட்டு லயத்துக்கு ஏறவும் வேண்டும். கை தளர்ந்தால் நாளுக்குரிய கிலோ வராது. கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலியே. புற்றுநோயிலிருந்து பிழைத்த பெண்ணைக் கொழுந்து நிறுக்கும் தராசு தோற்கடித்துவிடும்.

இதற்கும் மருத்துவம் மாற்றுவழி கண்டிருக்கிறது. புற்று அக்குளை நோக்கிச் சென்றால் முதலில் தங்கும் ஓரிரு கணுக்களை நிறமருந்தாலோ கதிரியக்கப் பொருளாலோ அடையாளம் கண்டு, அவற்றை மட்டும் எடுத்துச் சோதிப்பது அது. அவற்றில் நோய் இல்லையெனில் ஏனையவற்றைத் தொடவேண்டியதில்லை. பிரித்தானியாவில் நடந்து 2006இல் வெளிவந்த ஆய்வொன்றில், முழுத் துடைப்பு முதலிய வழமையான முறைகளுக்கு உட்பட்ட பெண்களுள் ஓராண்டின் பின் 13 வீதத்தினரிடம் கைவீக்கம் காணப்பட்டது. முதற்கணுவை மட்டும் சோதித்தவர்களிடம் 5 வீதம். கதிரியக்கக் கருவி இல்லாத இடங்களை மனத்திற்கொண்டு, அக்குளின் கீழ்ப்பகுதிக் கணுக்களை மட்டும் எல்லை வகுத்து எடுத்துச் சோதிக்கும் எளிய முறையை மும்பை டாடா நினைவு வைத்தியசாலையின் மருத்துவர்கள் ஆராய்ந்து வெளியிட்டிருக்கின்றனர். எம்மைப் போன்ற நாட்டின் நிலையறிந்து செய்யப்பட்ட ஆய்வு அது. ஊவாவின் சத்திரசிகிச்சை நிபுணர்கள் இவற்றை அறியாதவர்கள் அல்லர். அவர்களுக்கு வேண்டிய நிறமருந்தும், திசுச் சோதனை வசதியும், இயன்மருத்துவரும் குறைவின்றிக் கிடைப்பதை உறுதிசெய்வது மாகாண, மத்திய சுகாதார அமைச்சுகளின் கடன். நோய் கணுக்களில் பரவலாக இருக்கும் பெண்ணுக்கு முழுத் துடைப்புத் தவிர்க்கவியலாது. அவளுக்கு, கையைப் பேணும் பயிற்சியைச் சத்திரசிகிச்சை முடிந்த வாரத்திலேயே தமிழில் கற்பிக்கவேண்டும். தோட்டத்தில் அவளுக்கு வேறு வேலை ஒதுக்கவேண்டும். நாற்று வளர்க்கும் தவறணையிலும் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக் காம்பராவிலும் அதற்கு இடமுண்டு.

கட்டி பெரிதாய் முற்றிய நிலையில் வருவோரே தோட்டங்களில் மிகுதி என்றும், அவர்களிடம் தெரிவு பற்றிப் பேசுவது வீண் என்றும் சிலர் கூறக்கூடும். அதை நாம் ஏற்கவில்லை. மருந்தை முதலில் ஏற்றிக் கட்டியைச் சுருக்கிப் பின்னர்ச் சத்திரசிகிச்சை செய்யும் முறை பல்லாண்டுகளாக நடைமுறையில் உள்ளது. அதனால் மார்பகம் காக்கப்பட்ட பெண்கள் உலகெங்கும் உள்ளனர். முற்றிய நோயாளிக்கும் கேள்வி கேட்க உரிமையுண்டு.

மொழிக்கு வருவோம். திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, நோயாளியை முதலிலும் மருத்துவரை அடுத்தும் வைக்கிறது. முதலிடத்தில் இருக்கவேண்டியவர் தமக்கு நேரப்போவதைப் புரிந்துகொள்ளாவிட்டால் அந்த வரிசையே குலைகிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்ட மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். 1987இன் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிற்று. இம்மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டுள்ளன. ஆனால் நோயாளர் விடுதியின் கட்டிலருகே, சிங்களத்தில் சொல்லப்படுவதைத் தாய்க்குத் தமிழாக்குவதற்குப் பள்ளிச் சிறுவனான மகன் அழைக்கப்படுவானாயின், பிரகடனங்களால் அவளுக்கு என்ன பயன்? மார்பகத்தைப் பற்றி மகனிடம் கேட்கத் தாய் கூசுவாள். புற்று என்ற சொல்லைத் தாயிடம் சொல்ல மகன் அஞ்சுவான். கணவனோ மாமியாரோ இடையில் நின்றால், அவர்கள் சொல்ல விரும்பியது மட்டும் அவள் காதை எட்டும். பயிற்சி பெற்ற தமிழ்ப் பெண் ஒருவர், மொழிபெயர்ப்பாளராகவும் ஆலோசகராகவும் பதுளையில் நாள்தோறும் இருக்கவேண்டும். பல்கலைக்கழகம் சென்ற மலையகப் பெண்கள் இன்று பலர் உள்ளனர். ஆளில்லை என்ற விடை செல்லாது.

தோட்டப் பெண்களின் நினைவில் சத்திரசிகிச்சைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டோருக்கு அரசு 500 ரூபாய் வழங்கியது. நாட்டின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகள் தோட்டத் துறையில் பெண் கருத்தடைச் சத்திரசிகிச்சையின் அளவு ஏனைய துறைகளினும் மிகையாக இருந்ததைப் பதிவுசெய்தன. அந்தச் சம்மதங்கள் எவ்வளவு தெளிவோடு பெறப்பட்டன என்று ஆய்வாளர்களும் மலையகச் செயற்பாட்டாளர்களும் பலமுறை வினவியுள்ளனர். விளக்கமின்றி ஒரு தலைமுறை இட்ட கையெழுத்தின் ஐயம் அடுத்த தலைமுறையின் மனத்திலும் தங்கும். கட்டியை மறைத்து நாட்டுமருந்து பூசிக்கொண்டு லயத்திலேயே இருந்துவிடும் பெண்ணை அறியாமைக்காரி என்று கடிந்துகொள்வோர் இதையும் எண்ணிப்பார்க்கவேண்டும்.

செல்வ நாடுகளின் பெண்களும் விளக்கம் பெறும் இந்த உரிமையைப் போராடியே பெற்றனர். அழகுக்காகவோ, புற்றுநோய்க்கு இழந்த மார்பகத்தை மீட்டமைக்கவோ சிலிக்கோன் பை பொருத்திக்கொண்டவர்களின் கதை எமக்கும் பாடம் தருகிறது. பிரான்சின் பிப் நிறுவனம் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்குரிய சிலிக்கோனைப் பைகளில் நிரப்பி விற்றது 2010இல் வெளிப்பட்டது. சொரசொரப்பான மேற்பரப்புடைய பைகளைச் சுற்றி ஒருவகை நிணநீர்ப் புற்று தோன்றக்கூடும் என்பது உறுதிப்பட்டதும், அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வேண்டுகோளின்படி 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் அத்தகைய பைகளை உலகச் சந்தையிலிருந்து மீளப்பெற்றது. அப்போது பல்லாயிரம் பெண்கள் கேட்டது, இதை எப்படி அகற்றுவது என்பது. பையை மட்டும் எடுப்பதா, அதைச் சுற்றி உடல் தானே வளர்த்த உறையையும் சேர்த்து எடுப்பதா, இரண்டையும் பிரிக்காமல் ஒரே திரளாக எடுப்பதா? புற்று உள்ளவர்களுக்கு உறையோடு முழுமையாக அகற்றவேண்டும் என்பதில் மருத்துவ உலகுக்கு ஐயமில்லை. புற்று இல்லாத, ஆனால் உடற்சோர்வும் வலியும் உற்ற பெண்களிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வோ, உறையை எவ்வளவு எடுத்தாலும் அவர்கள் அடைந்த ஆறுதல் ஒத்தே இருந்ததைக் கண்டது. விலாவெலும்பையும் நுரையீரற் சவ்வையும் ஒட்டிய உறையைச் சுரண்டி எடுக்கையில் வரும் இடரை, தேவையில்லாதபோது ஏற்கவேண்டியதில்லை. ஹால்ஸ்டெட் முறை வீழ்ந்தபோது கற்றதை உலகம் இங்கு மறுபடி கற்றது: வெட்டின் அளவை நோயே தீர்மானிக்கவேண்டும், அச்சம் தீர்மானிக்கலாகாது. 2021 ஒக்டோபரில் அதே அமெரிக்க நிர்வாகம், பை பொருத்துமுன் ஒவ்வோர் இடரையும் வரிவரியாகப் பெண்ணுக்கு எடுத்துரைத்து அவள் ஒப்பம் பெறவேண்டும் என்று ஆணையிட்டது. பொருத்துவதற்கே அவ்வளவு விளக்கம் சட்டமாயிற்று. தன் உடலின் உறுப்பையே இழக்கப்போகும் பசறைப் பெண்ணுக்கு அதனினும் குறைந்த விளக்கம் போதும் என்று எவரேனும் கூறுவாரா?

பணத்தைப் பேசாமல் தெரிவைப் பேசுவது நேர்மையாகாது. தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் அரசிதழில் நிர்ணயிக்கப்பட்டது. வேலைக்கு வராத நாளுக்குப் பேர் விழாது. சத்திரசிகிச்சை, மருந்தேற்றல், கதிர்வீச்சு என மாதங்கள் நீளும் சிகிச்சையில் அந்தப் பெண்ணின் கூலியோடு, துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது. ஊழியர் சேமலாப நிதியில் ஒரு பகுதியை, வகுத்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மருத்துவத்துக்காக முன்கூட்டியே பெறச் சட்டம் இடமளிக்கிறது. இதை அறிந்த தொழிலாளர் எத்தனை பேர்? தோட்ட அலுவலகங்களும் தொழிற்சங்கங்களும் இதற்குரிய படிவத்தை நிரப்பிக் கொடுப்பதைத் தம் கடமையாக ஏற்கவேண்டும்.  தொழிலாளரின் சந்தாப்பணத்தைப் பெறும் சங்கங்கள், அடுத்த கூட்டு ஒப்பந்தத்திலேனும், புற்றுநோய்ச் சிகிச்சைக் காலத்துக்குரிய ஊதிய விடுப்பைக் கோரிப் பெறவேண்டும். சிகிச்சைக்கு வரும் தோட்டப் பெண்களும் துணையாட்களும் தங்குவதற்குப் பதுளை நகரில் ஓர் இல்லம் அமைப்பது மாகாண சபையின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. கோயில் நிருவாகங்களும் வணிகப் பெருமக்களும் முன்வந்தால் அது விரைந்து முடியும்.

கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் தெரிவு விரியும் என்பதையும் சொல்லவேண்டும். 35 வயது கடந்த பெண்களுக்கான சுகவனிதையர் கிளினிக்குகள் 1996 முதல் நாட்டில் நடைபெறுகின்றன. மார்பகப் படக்கருவி இல்லையே என்று கைகட்டி நிற்கத் தேவையில்லை. மும்பையில் ஒன்றரை இலட்சம் பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தடவிச் சோதித்ததாலேயே ஐம்பதும் அதற்கு மேலும் வயதுடையோரிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 வீதம் குறைந்தது. அதனினும் இளையோரிடம் அத்தகைய பயன் தெளிவாகத் தென்படவில்லை என்பதையும் அவ்வாய்வு மறைக்கவில்லை. எங்கள் குடும்பநல உத்தியோகத்தர்களின் கைகளுக்கும் அந்தத் திறன் வரும். கிளினிக் நடக்கும் நாளில் மலையிலிருந்து இறங்கிவர அரைநாள் விடுப்பும், அந்த நாளுக்கு முழுப்பேரும் கொடுக்கத் தோட்ட நிருவாகம் இணங்கவேண்டும்.

இந்தத் தலையங்கத்தைத் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவரேனும் தாய்மார் கூட்டத்தில் வாசித்துக் காட்டுவார் என நம்பி, அந்தத் தாய்மாருக்கு நேரே ஒரு சொல். அம்மா, உங்கள் மார்பில் வலியில்லாத கட்டி தென்பட்டால் அதை மறைக்காதீர்கள். வலியில்லை என்பதற்காகத் தாமதிக்கவும் வேண்டாம். டொக்டரிடம் கேளுங்கள்: கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா? கதிர்வீச்சு எத்தனை நாள், எங்கே? அக்குளில் எவ்வளவு எடுப்பீர்கள், என் கை எப்படியிருக்கும்? மருந்தை முதலில் ஏற்றிப் பார்க்கலாமா? கேட்பது மரியாதைக் குறைவன்று. விடை விளங்கவில்லையெனில் தமிழில் மறுபடி சொல்லச் சொல்லுங்கள். விளங்கியபின், சிந்திக்க ஓரிரு நாள் கேளுங்கள். அந்த அவகாசத்தால் பொதுவாகத் தீங்கு நேராது. மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதே ஆபத்து.

மாகாண, மத்திய சுகாதார அமைச்சுகளிடம் நாம் உடனடியாக வேண்டுவது இரண்டே. மார்பகச் சத்திரசிகிச்சைக்கு முன்னர் ஒவ்வொரு பெண்ணுக்கும் எல்லாத் தெரிவுகளும் அவள் மொழியில் விளக்கப்பட்டன என்பதை நோயாளர் ஏட்டில் பதிவது கட்டாயமாக்கப்படவேண்டும். அதற்குரிய தமிழ் ஆலோசகர் பதவிகளை உருவாக்கி, வரும் வரவுசெலவுத் திட்டத்திலேயே நிதி ஒதுக்கவேண்டும்.